காலில் வீக்கம், ரத்தத்தில் வறட்சி

பைபாஸ் ஆபரேஷன் முடிந்து சில வருடங்கள் கழித்து எடுத்த எக்கோவில் எனக்குப் பம்பிங், அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதம் என்று வந்தது. சீட்டில் டாக்டர் எழுதியது ஹார்ட் ஃபெயிலியர், இதயம் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாத நிலை. அன்றிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "கால் வீங்குதா?" நாத்தனார் கேட்பார், எதிர்வீட்டு அக்கா கேட்பார், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் தம்பிகூடக் கேட்பான். வீங்கினால் உடம்பில் நீர் ஏறிவிட்டது, நீர் மாத்திரை ஒன்று கூடப் போடணும். வீங்கவில்லையென்றால் நான் நன்றாக இருக்கிறேன். இந்தக் கணக்கு சில சமயம் சரியாக வரும். வராத சமயங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை அவைதான்.

ஒரு பெண்ணின் உடம்பில் கிலோவுக்குச் சுமார் 65 மில்லி ரத்தம் என்று கணக்கு. என் எடைக்கு மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். அதில் பாதிக்குச் சற்று அதிகம் பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதி, மீதி கிட்டத்தட்ட எல்லாம் சிவப்பணுக்கள். இதயம் சரியாகத் தள்ளாதபோது சிறுநீரகத்துக்குப் போகிற ஓட்டம் குறைகிறது. ரத்தம் கொட்டிப்போனதால் குறைந்ததா, பம்ப் வலுவிழந்ததால் குறைந்ததா என்று சிறுநீரகத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே வேலையைத்தான் செய்யும்: உப்பைப் பிடித்து வைக்கும். உப்பு நின்றால் நீரும் நிற்கும். என் மருந்துச் சீட்டில் பாதி மருந்து இந்த வேலையைத் தடுக்கத்தான் இருக்கிறது.

நர்ஸிங் முடித்த என் அண்ணன் மகள் சொன்ன ஒரு பழைய கதை எனக்குப் பிடிக்கும். 1944இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் வாரன், ஸ்டெட் என்ற இரண்டு டாக்டர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளைக் கவனித்து எழுதினார்கள். பலவீனமான இதயத்துக்குப் பின்னால் ரத்தம் தேங்கி, அந்த அழுத்தத்தில்தான் நீர் கசிகிறது என்பதே அதுவரை பலருடைய எண்ணம். இவர்கள் பார்த்ததோ நேர்மாறு. முதலில் எடை ஏறியது, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் நாளங்களில் அழுத்தம் அதற்குப் பிறகுதான் ஏறியது. அதாவது வேலையைத் தொடங்கி வைப்பது உப்பைப் பிடிக்கும் சிறுநீரகம். "அதான் அத்தை, தினமும் எடை பார்க்கச் சொல்றாங்க" என்றாள். சரி, எடை மிஷின் வாங்கினோம். காலையில் எழுந்து, யூரின் போய்விட்டு, எதுவும் குடிப்பதற்கு முன் ஏறி நிற்பேன். எப்போதும் நைட்டியோடுதான், ஒருநாள் புடவை ஒருநாள் நைட்டி என்று மாற்றுவதில்லை. மிஷினைச் சமமான தரையில், ஒரே இடத்தில் வைக்க வேண்டும். பாய் மேல் வைத்தால் பொய் சொல்லும். ஒரே நாளில் 1 கிலோ, அல்லது மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் போன் செய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

முதல் தடவை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் படுத்தபோது ஃபியூரோசமைடு என்ற நீர் மருந்தை ஊசியில் ரத்த நாளம் வழியாகப் போட்டார்கள். மாத்திரையாகக் கொடுத்தால் ஆகாதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நீர் கோத்தால் குடலும் வீங்கும், வாய்வழியாகப் போடுவது சரியாக உறிஞ்சப்படாது என்றார் டாக்டர். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: மருந்து வெளியேற்றுவது ரத்தக் குழாய்க்குள் இருக்கும் நீரைத்தான், காலிலும் வயிற்றிலும் திசுக்களுக்குள் தேங்கியிருப்பது பிறகு மெல்ல மெல்லக் குழாய்க்குள் திரும்பி வரும். என் வீட்டுக்காரர் தோட்டக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். "நம்ம கிணறு மாதிரிங்க சார். மோட்டார் இறைக்கிற வேகத்துக்கு ஊத்து சுரக்கலன்னா, சுத்தி மண்ணுல ஈரம் இருக்கும், கிணறு காஞ்சு கெடக்கும்." டாக்டர் சிரித்துவிட்டு, "இதை நான் மத்த பேஷன்ட்டுக்கும் சொல்லிக்கிறேன்" என்றார்.

என் விஷயத்தில் எல்லாமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. காலில் நீர் இருப்பதும் ரத்தக் குழாயில் ரத்தம் கூடியிருப்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வெய்ன் மில்லர் என்ற டாக்டர், கதிரியக்க அயோடின் சேர்த்த ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தைச் செலுத்தி இந்த நோயாளிகளின் ரத்த அளவை நேரடியாகவே அளந்து பார்த்திருக்கிறார். வெளியே ஒரே மாதிரி வீங்கித் தெரிந்தவர்களுக்குள்ளேயே ரத்த அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. சிலருக்கு மிக அதிகம், சிலருக்குச் சாதாரணம். மருந்து கொடுத்து எடையை இறக்கியபோது வெளியேறியதில் பெரும்பகுதி திசுக்களிலிருந்து வந்த நீர். எடை நன்றாக இறங்கிய பிறகும் பலருக்கு ரத்த அளவு கூடுதலாகவே இருந்தது. அந்தப் பரிசோதனை எனக்கு யாரும் செய்ததில்லை. எனக்குக் கிடைப்பதெல்லாம் எடை மிஷின், பி.பி. மிஷின், லேப் ரிப்போர்ட், அப்புறம் என் உடம்பு. இந்த நான்கையும் சேர்த்துப் படிக்கத்தான் பழகிக்கொண்டேன்.

லேப் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்வோம். அட்மிட் ஆனபோது எனக்கு 9.8. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "ரத்தமே இல்லையே" என்றார்கள். பீட்ரூட் வந்தது, பேரீச்சம்பழம் வந்தது, முருங்கைக்கீரை கட்டுக்கட்டாக வந்தது. நீர் இறங்கி வீட்டுக்கு வரும்போது அதே ஹீமோகுளோபின் 11.1. இடையில் ரத்தமும் ஏற்றவில்லை, இரும்புச்சத்தும் கொடுக்கவில்லை. ஹீமோகுளோபின் என்பது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை கிராம் என்ற விகிதம். மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. பிளாஸ்மா பெருகினால் சிவப்பணு அப்படியே இருந்தாலும் எண் இறங்கும், பிளாஸ்மா வற்றினால் எண் ஏறும்.

அதற்காக, ஹார்ட் ஃபெயிலியர்காரர்களின் ரத்தசோகை எல்லாமே ரத்தம் நீர்த்துப்போனதால் மட்டும் வருவது என்று சொல்லிவிட முடியாது. நீர் வடிந்த பிறகு, உடம்பில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்ததில் எனக்கு உண்மையிலேயே இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்தது. இந்த நோயில் ஃபெரிட்டின் 100க்குக் கீழே இருந்தாலே குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 100 முதல் 299 வரை இருந்து, சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே போனாலும் அப்படித்தான். சாதாரண ஆளுக்கு வைக்கும் அளவு வேறு. மாத்திரை இதில் அதிகம் பலன் தருவதில்லை என்று சொல்லி டிரிப்பில் ஏற்றினார்கள். மாடிப்படி ஏறுவது அதற்குப் பிறகு கொஞ்சம் சுலபமானது. முருங்கைக்கீரையை நான் குறை சொல்லவில்லை, இன்றும் பொரியல் செய்கிறேன். அதைக் கொண்டு வந்தவர்கள் அந்த 9.8ஐப் படித்த விதம்தான் சரியில்லை.

இதற்கு நேரெதிராக நடந்தது ஒரு சித்திரை வெயிலில். கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து வயிற்றுப்போக்கு. எடை 2 கிலோ இறங்கிவிட்டது. கட்டிலிலிருந்து எழுந்தால் கண் இருட்டியது. ஆனால் இடது கால் மட்டும் சாயங்காலமானால் வழக்கம்போல வீங்கியே இருந்தது. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, கால்ல நீர் நிக்குது, மாத்திரையை விட்றாதீங்க" என்று அக்கறையாகச் சொன்னார். என் இடது காலிலிருந்துதான் பைபாஸுக்கு ரத்த நாளம் எடுத்தார்கள். அந்தக் கால் ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் மாலையில் வீங்கும், காலையில் வடிந்துவிடும். அது உள்ளூர்ச் சமாச்சாரம், இதயத்தோடு பேசுவதில்லை. பி.பி. உட்கார்ந்து பார்த்தால் 104, எழுந்து நின்று பார்த்தால் 82. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் குழாய்க்குள் சரக்கு குறைவாக இருக்கலாம் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். டாக்டருக்குப் போன் போட்டதும், சாப்பாடு தண்ணீர் ஒழுங்காக இறங்கும்வரை நீர் மாத்திரையையும், யூரினில் நீரைக் கூட்டும் இன்னொரு மருந்தான டாபாகிளிஃப்ளோசினையும் நிறுத்தி வைக்கச் சொல்லி, ரத்தமும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. ஹீமோகுளோபினோ 13! வீட்டில் ஒருவருக்கு இந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷம். அத்தனையும் வற்றிய பிளாஸ்மாவின் வேலை.

இப்படி வாந்தி பேதி வந்தால் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் சீட்டு உங்களுக்குப் பொருந்தாது. ஓ.ஆர்.எஸ். பவுடரிலும் உப்பு இருப்பதால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடை மாறாமலேயே நீர் ஏறுவதும் உண்டு. இதைக் கண்டுபிடிப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பல மாதம் எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. தொடையும் புஜமும் மெலிந்தன, ஜாக்கெட் கை தொளதொளவென்று ஆனது. மிஷின் மட்டும் 56 என்றே காட்டிக்கொண்டிருந்தது. சதை இரண்டு கிலோ போன இடத்தில் நீர் இரண்டு கிலோ வந்து உட்கார்ந்திருந்தது. நீர் கோக்காத நிலையில் நம் எடை எவ்வளவு என்று ஒரு எண் வைத்திருப்பார்கள், அதை ஒரு தடவை குறித்துக்கொண்டு வருடக்கணக்காக அப்படியே வைத்திருக்கக் கூடாது. எனக்கு அதை 54ஆக மாற்றி எழுதினார் டாக்டர். இதையெல்லாம் மிஷினுக்கு முன்னால் சொன்னது என் பாவாடை நாடா. வழக்கமாக முடிச்சுப் போடும் இடத்தில் போட்டால் இறுக்கியது, தழும்பு விழுந்தது. மெட்டி கழற்ற வரவில்லை. ஒரு இட்லி சாப்பிட்டதும் வயிறு நிறைந்தது. காலில் குழி விழும்படி வீக்கம் தெரிவதற்குள் உடம்பில் இரண்டு மூன்று லிட்டர் நீர் கூடிவிட்டிருக்கும் என்கிறார்கள். வயிறு அதற்கு முன்பே சொல்லிவிடுகிறது. ஆனால் பெண்கள் அதை வாயுத்தொல்லை என்று சொல்லி சோடா குடித்துக் கடந்துவிடுகிறோம்.

இன்னொரு வகையில் நீர் கூடவே கூடாது, இடம் மட்டும் மாறும். உடம்பின் ரத்தத்தில் பெரும்பகுதி இதயத்துக்குத் திரும்பும் நாளங்களில்தான் இருக்கிறது, அதிலும் குடல், கல்லீரல், மண்ணீரல் பகுதியில் மட்டும் சுமார் நாலில் ஒரு பங்கு. பதற்றம், வலி, தூக்கமின்மை எதுவானாலும் நரம்புகள் அந்த நாளங்களைச் சுருக்கிவிட்டால் அங்கிருந்த ரத்தம் மார்புப் பக்கம் தள்ளப்படும். நல்ல இதயம் சமாளித்துக்கொள்ளும், 30 சதவீதம் சமாளிக்காது. எங்கள் பெரியப்பா இறந்த வீட்டில் அழுது, பட்டினி கிடந்து திரும்பிய இரவு எனக்கு மூச்சு முட்டி விழித்துக்கொண்டேன். காலையில் எடை அதேதான், ஒரு கிராம் கூடவில்லை. டாக்டர் எடையைக் கேட்டுவிட்டு விட்டுவிடவில்லை, உடனே வரச் சொன்னார். நுரையீரல் தமனியில் சின்ன அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி வெளிநாட்டில் ஆராய்ச்சிகள் செய்திருக்கிறார்கள். 2011இல் வெளியான சாம்பியன் என்ற ஆய்வு அதில் முக்கியமானது. எடையில் பெரிய மாற்றம் தெரிவதற்கு முன்பே அழுத்தம் ஏறத் தொடங்கிவிடுவதை அந்தக் கருவியில் பார்க்க முடிகிறது. எடை சரியாக இருக்கிறது என்பதற்காக மூச்சுத்திணறலைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். உட்கார்ந்தும் அடங்காத மூச்சு, மார்பு வலி, மயக்கம் என்றால் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், 108தான்.

அழுத்தமானி நமக்கு எங்கே கிடைக்கும்? எனக்குக் கோலம் இருக்கிறது. குனிந்து புள்ளி வைக்க ஆரம்பித்த அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்கினால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். குனியும்போது வரும் இந்த இளைப்பை 2014இல் அமெரிக்க டாக்டர்கள் தனி அறிகுறியாகவே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் ஷூ லேஸ் கட்டுவதுபோல நாற்காலியில் உட்கார்ந்து குனியச் சொல்லிப் பார்த்தார்களாம். மார்கழியில் பெரிய கோலம் போடும் பெண்களுக்கு இதைவிட நல்ல சோதனை தேவையில்லை. அப்புறம் தலையணை. ஒன்றில் படுத்தவள் இரண்டு கேட்டால் அதையும் நோட்டில் எழுதுவேன். படுத்தால் காலில் இருந்த நீர் திரும்ப ரத்தத்தில் சேர்கிறது, அதனால்தான் நடுராத்திரியில் திணறுகிறது.

உப்பு விஷயம். ரத்தத்தில் இருக்கும் அளவுக்கு உப்பைச் சமமாக வைக்க, உடம்பில் தங்கும் ஒவ்வொரு 9 கிராம் உப்புக்கும் சுமார் 1 லிட்டர் நீரைப் பிடித்து வைக்கிறது உடம்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் இருப்பதும் இதே கணக்குதான். சுமார் ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு கிலோ எடை. நான் உப்பே இல்லாமல் சாப்பிடுவதில்லை, அப்படிச் சாப்பிட்டால் சாப்பாடே இறங்காமல் மறுபடி சதை போய்விடும். சோடியத்தை நாளுக்கு 1,500 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2022இல் வந்தது. அதில் மரணமோ ஆஸ்பத்திரி சேர்க்கையோ தெளிவாகக் குறையவில்லை. நாளுக்கு 5 கிராம் உப்பைத் தாண்டாமல் இருப்பதே எனக்குச் சொல்லப்பட்ட எல்லை. சாம்பாரில் அரை உப்பு போட்டு எலுமிச்சையும் மிளகும் கூட்டினால் போதும். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், ஹோட்டல் சால்னா இவைதான் எல்லையை உடைப்பவை. இந்துப்பு உடம்புக்கு நல்லது என்று கொண்டு வந்து கொடுக்கிறார்கள், அதுவும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் வருவது இன்னும் மோசம். அதில் பொட்டாசியம் இருக்கும், பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். வெயிலுக்கு இளநீர் குடிப்பதையும் நான் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்துக்கொண்டேன், எப்போதாவது ஒன்று.

உப்பு சாப்பாட்டில் மட்டும் வருவதில்லை. நெஞ்செரிச்சலுக்குத் தண்ணீரில் கொட்டிப் பொங்கும் பவுடர், கரைத்துக் குடிக்கும் வலி மாத்திரை இரண்டிலும் சோடியம் இருக்கிறது. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டதும் கிடைக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் போன்றவை சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் செய்யும், நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். கடையில் வாங்கும்போது "எனக்கு ஹார்ட் ஃபெயிலியர்" என்று சத்தமாகவே சொல்கிறேன். பாராசிட்டமால் கொடுப்பான்.

தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதில் மட்டும் டாக்டருக்கு டாக்டர் பேச்சு மாறும். நெதர்லாந்தில் செய்த ஃப்ரெஷ்-அப் என்ற ஆய்வு 2025இல் வந்தது. நோய் கட்டுக்குள் இருப்பவர்களைத் தாகத்துக்கு ஏற்பக் குடிக்க விட்டதால் கெடுதல் கூடவில்லை, அளந்து குடித்தவர்களுக்குத்தான் தாகம் அதிகம். எனக்கு நீர் ஏறியிருக்கும்போது ஒன்றரை லிட்டர், மற்ற நேரம் தாகத்துக்கு. அக்னி நட்சத்திர நாட்களில் எடை தானாகவே இறங்கும். அப்போது மாத்திரையைக் குறைக்கலாமா என்று நானே போன் செய்து கேட்பேன்.

கடைசியாகப் பஸ். இதை எந்த டாக்டரும் தானாகக் கேட்பதில்லை. ஃபியூரோசமைடு ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்து ஆறு மணி நேரம் வரை இழுக்கும், நான் இப்போது சாப்பிடும் டார்செமைடு இன்னும் கொஞ்சம் நீளும். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு ஒன்றரை மணி நேரம். கிளினிக்குக்குப் போகிற நாளில் காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு ஏறினால் வாடிப்பட்டி தாண்டுவதற்குள் திண்டாட்டம். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையை நம்பி எந்தப் பெண்ணும் கிளம்ப மாட்டாள். அதனால் என்னுடன் வரிசையில் உட்காரும் பெண்களில் பலர் டாக்டரைப் பார்க்கும் நாளில், கல்யாணத்துக்குப் போகும் நாளில், கோயிலுக்குப் போகும் நாளில் மாத்திரையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். முகூர்த்த மாதத்தில் இது வாரம் இரண்டு மூன்று நாளாகிவிடும், கூடவே விருந்துச் சாப்பாட்டு உப்பும் சேரும். நேரத்தை மாற்றிப் போடலாமா என்று கேட்டேன். தாராளமாக, ஆனால் அன்றைக்குள் போட்டுவிட வேண்டும், மாலை நாலு மணிக்கு மேல் தள்ளினால் ராத்திரித் தூக்கம் போகும் என்றார் டாக்டர். இப்போது வெளியூர் என்றால் போய்ச் சேர்ந்து, கழிப்பறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டு அப்புறம்தான் போடுகிறேன். கிளினிக் நாளில் டோக்கன் வாங்கியதும் சிஸ்டரிடம், "இன்னைக்கு நீர் மாத்திரை இன்னும் போடலம்மா" என்று சொல்லிவிடுவேன். பி.பி.யையும் எடையையும் எழுதும் இடத்திற்குப் பக்கத்தில் அவர் அதையும் எழுதிவிடுவார்.